சிவக்கொழுந்து ஒப்பமிட்ட கோடு

வடகரைத் தாய்மாரின் வாழ்த்துக்கு உரியவரும், வெயிலென்றும் மழையென்றும் பாராது சைக்கிளில் வந்து எங்கள் தெருவையும் ஒழுங்கையையும் அளந்தவரும், முப்பத்தோராண்டு மருத்துவமாதாய் மாண்புறப் பணியாற்றி இன்று ஓய்வு பெறுபவருமான கொக்குவில் திருமதி கனகாம்பிகை செல்வநாயகம் அவர்களுக்கு, தாய்சேய் நலநிலைய ஊழியர் உளமுவந்து வாசித்தளிக்கும் மடல்.

அன்பின் அணிகலமே! அஞ்சா நெஞ்சத்து அம்மையே!

தங்கள் கையில் பிறந்த குழந்தைகளைப் புகழ்ந்தே இம்மடலை நிரப்பியிருக்கலாம், அதுதான் வழக்கம். நாங்களோ ஒரேயொரு பெண்ணின் கதையைச் சபையறியச் சொல்லப்போகிறோம். முன்வரிசையில் மஞ்சள் சேலையுடன் அமர்ந்திருக்கும் வல்வெட்டித்துறைச் சிவக்கொழுந்து தாமே எங்களுக்குச் சொன்ன கதை இது. தங்கள் பிழையொன்றும் இதில் வரும், பொறுத்தருள்க!

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தேழில் சிவக்கொழுந்துக்கு வயது முப்பத்தொன்று, பிள்ளைகள் ஆறு. அன்று தாங்கள் அவருக்குக் கருத்தடைக் குளிசை கொடுத்து, நாளுக்கொன்று போடும்படி சொல்லிச் சென்றீர்கள். தங்கள் ஊரான கொக்குவிலில் காலை ரயிலில் வேலைக்குப் போன கணவன் மாலை ரயிலில் வீடு திரும்புவான். கடற்கரையில் அப்படியா? அவருடைய கணவர் தம்பிஐயா முல்லைத்தீவுக் கரையில் வாடிக் கொட்டில் போட்டுத் தங்கி மீன்பிடிக்கப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். திடீரென்று ஒருநாள் வந்து நிற்பார், நாலு நாளில் போய்விடுவார். சிக்கனக்காரியான சிவக்கொழுந்து அந்த நாலு நாளுக்கு மட்டும் குளிசை போட்டுவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாகச் சீனிப்பேணியில் சேர்த்து வைத்தார். ஏழாவது பிள்ளை வயிற்றில் தங்கியதும் தாங்கள் பதறிப்போய்க் கேட்டீர்கள்.

“ஆள் இல்லாத நாளிலை போட்டு ஏன் மிஸி வீணாக்குவான்?” என்றார் அவர்.

வீட்டுக்காரர் எப்போது வருவார், எப்போது போவார் என்று கேட்கத் தவறியது தங்கள் பிழை. அதைத் தாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. புதிதாய் வந்த ஒவ்வொரு மருத்துவமாதுக்கும் முதற் பாடமாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். பெரும்பதவியில் இருப்போருக்கும் வாய்க்காத நேர்மை அது!

ஏழாவது பேற்றில் போன இரத்தத்தைச் சிவக்கொழுந்து இன்றும் நினைக்க விரும்புவதில்லை. பிள்ளை பிழைத்தது. தாய் மயிரிழையில் தப்பினார். இன்னொரு பேறு உயிருக்கே ஆபத்து, பிள்ளை தங்காதபடி கருப்பையில் ‘லூப்’ போடுவதுதான் நல்லது என்றார் டொக்டர். அதற்கான படிவத்தின் அடியில் ஒரு கோடு இருந்தது. கணவன் கையொப்பமிட வேண்டிய கோடு.

மாமியார் தங்கமுத்து கிளினிக் வாசலிலேயே மறித்தார். “அவன் வாடியாலை வரட்டும். ஆம்பிளை சொல்லாமல் உதொண்டும் ஏலாது.”

தாங்கள் தங்கமுத்துவோடு வாதாடவில்லை. அவரைத் தாண்டி மருமகளைப் பார்த்து, “உனக்கு என்ன விருப்பம், பிள்ளை?” என்று கேட்டீர்கள்.

அப்படியொரு கேள்வி சிவக்கொழுந்துக்குப் புதிது. கறிக்கு என்ன மீன் என்பதைக்கூட மாமிதான் தீர்மானிக்கும் வீடு அது. ஏழு பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தபோது அவரை ஒருவரும் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. பிறகு, “இருக்கிற ஏழும் காணும் மிஸி. நான் உயிரோடை இருக்கவேணும்” என்றார்.

வாசலடி மேசையில் இருந்த டொக்டர் அந்தக் கோட்டைக் காட்டித் தயங்கினார். “அவர் எப்ப வந்து நிப்பாரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, ஐயா. வந்தாப் பிறகு இவளின்ரை உயிருக்கு ஆர் பொறுப்பு?” என்று கேட்டீர்கள். சிவக்கொழுந்து மேசையிலிருந்த பேனையை எடுத்து, மூன்றாம் வகுப்பில் படித்த எழுத்தில், அந்தக் கோட்டின் மேலேயே தம் பெயரை எழுதினார்.

“சாகக் கிடந்தது நான். ஒப்பமும் என்ரையாய் இருக்கட்டும்.”

டொக்டர் அதைப் படித்தார். “சரி, உள்ளை வாங்கோ” என்றார்.

கோயில் கொடியேற்றத்துக்கு வந்த தம்பிஐயா படலை திறக்குமுன்னே தாயார் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். “என்னைக் கேளாமலோ?” என்று சீறினார் அவர். “கேக்க நீங்கள் இருக்கேல்லை. அண்டைக்கு நான் போயிருந்தால் உந்த ஏழு பிள்ளையளையும் ஆர் பாத்திருப்பினம்?” என்றார் சிவக்கொழுந்து. மூன்றாம் நாள் ஒரு முழுப் பாரை மீனோடு தம்பிஐயா தங்கள் வாசலில் நின்றார். “பிள்ளையளுக்குத் தாய் இருக்கிறாள் மிஸி. அதுக்குத்தான்.” சைவச் சாப்பாட்டுக்காரியான தாங்கள் அம்மீனை இரு கையாலும் ஏந்தி, வைக்க இடம் தெரியாமல் விழித்து நின்றதை இந்நிலையத்தில் நடித்துக் காட்டாதவர் இல்லை!

அன்று தொடக்கம் தாங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பெண்ணைக் கிணற்றடிக்குத் தனியே அழைத்து அவள் விருப்பத்தைக் கேட்டீர்கள். படிவத்தில் ‘கணவன்’ என்ற சொல்லைப் பேனையால் வெட்டித் ‘தாய்’ என்று எழுதினீர்கள். மேலிடம் விளக்கம் கேட்டது, கொடுத்தீர்கள். மறுபடியும் வெட்டினீர்கள். மறுவருடம் தங்கமுத்துவே தம் மகளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து, “இவளை என்ன வேணுமெண்டு கேளுங்கோ மிஸி” என்றார். வென்றீர்கள் அம்மையே, வென்றீர்கள்!

இனியாவது சைக்கிளுக்கு ஓய்வு கொடுத்து, நோயணுகா உடலோடும் நகை குன்றா முகத்தோடும் நெடுநாள் வாழ்க! தங்களைப் பிரிய எங்களுக்கு மனமில்லை என்பதையும் இங்கே ஒளிக்காமல் சொல்கிறோம்.

இத்தகைய மடலில் ஊழியர் மட்டுமே ஒப்பமிடுவது முறை. நாங்கள் முதற் கோட்டைச் சிவக்கொழுந்துக்கு விட்டிருந்தோம். பின்வருவது பிறகு சேர்த்தது: இன்று காலை ஒப்பத்துக்கு மடலை நீட்டியபோது, பக்கத்தில் நின்ற தம்பிஐயா பழக்க தோஷத்தில் பேனைக்குக் கை நீட்டினார்.

“விடுங்கோ,” என்றார் சிவக்கொழுந்து. “உது என்ரை கோடு.”

(ஒப்பம்) த. சிவக்கொழுந்து
அவருக்குக் கீழே, நிலைய ஊழியர் அனைவரும்
1979 ஆனி