மாற்றுச் சாவி

— இதைத்தானே அரை மணி நேரமாத் தேடுறீங்க?

— அட, உன்கிட்டதான் இருக்கா? குடும்மா. நேரமாச்சு, இந்நேரம் மணி அடிச்சு எல்லாரும் உக்காந்திருப்பாங்க.

— இது எந்தச் சாவி?

— டிப்போ லாக்கர் சாவி.

— பதினெட்டு வருஷமா உங்க காக்கிச் சட்டையில கிரீஸ் கறை போகத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். பைக்குள்ள லாக்கர் சாவி எத்தனை தடவை கிடைச்சிருக்கும்? இது வாசக்கதவுச் சாவிங்க. யாரு வீட்டு வாசல்?

— கதவைத் திற முதல்ல. வந்து பேசிக்கலாம்.

— பூட்டிட்டேன். உங்க போனையும் அணைச்சு வச்சுட்டேன். இன்னைக்குத் தியானமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சொல்லுங்க, யாரு அவ?

— அவளா! முடி நரைச்ச வயசுல எனக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். ஆம்பளைம்மா. என்னோட ஜோடி.

— ஜோடியா!

— ஐயோ, முழுசாக் கேளு. எங்க சங்கத்துல அப்படி ஒரு பழக்கம்.

— எந்தச் சங்கம்? டிப்போ வாசல்ல கொடி பிடிச்சுக்கிட்டு உக்காருவீங்களே, அதுவா?

— அது தொழிற்சங்கம். இது புத்தர் காலத்துலேருந்து வர்றது. சேர்ந்து உக்காந்து மூச்சைக் கவனிக்கிறவங்க.

— மூச்சு விடறதுக்குக் கூட்டம் எதுக்குங்க? வீட்டுல உக்காந்து விட்டா வர மாட்டேங்குதா? நேத்து உங்க பின்னாடியே வந்தேன். சலவைக்கடை மாடி, கதவு இடுக்கு வழியாப் பார்த்தேன். இருபது பேரு கண்ணை மூடிக்கிட்டு, அசைவே இல்லை. ஒரு நரைச்ச அம்மா மணியைத் தட்டுது. படியிறங்கி ஓடியே வந்துட்டேன்.

— பின்னாடியே வந்தியா?

— வந்தேன். அதுக்கென்ன இப்போ?

— வீட்டுல உக்காந்து பார்க்காமலா இருந்தேன்? கண்ணை மூடி நாலே நிமிஷம், அந்த பஸ் வந்துரும். எந்திரிச்சு ஓடிருவேன். அங்க இருபது பேருக்கு நடுவுல ஓட முடியலை. பக்கத்துல இருக்கிறவன் மூச்சைக் கேட்டுக்கிட்டே நானும் விடறேன். நாலு வருஷம் கழிச்சு இப்பதான்மா தூங்குறேன்.

— அந்த பஸ் பேச்சை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! சாவிக்கு வாங்க.

— உள்ள நுழைஞ்சதும் ஒரு நோட்டுல கையெழுத்துப் போடணும். யாரு வரலைன்னு அதுல தெரிஞ்சுரும். வரலை, போனும் எடுக்கலைன்னா, அவரோட ஜோடி வீட்டுக்கே போய்ப் பார்க்கணும். தனியாக் கிடக்கிறவங்கதான் அங்க அதிகம். அதனால ஜோடிங்க சாவியை மாத்தி வச்சுக்குவோம்.

— மாத்தி வச்சுக்குவீங்களா? அப்போ ஆணியில தொங்கின நம்ம மாற்றுச் சாவி?

— ம்.

— ஆறு மாசமாக் காணோம்னு வீட்டையே புரட்டிப் போட்டேனே! நீங்களும் கூடவே கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடுனீங்களே, மனுஷனா நீங்க?

— தப்புதான்.

— வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. யாருகிட்ட இருக்கு? கேக்குறேன்ல?

— டிரைவர்கிட்ட.

— எந்த டிரைவர்?

— அந்த பஸ்ஸை ஓட்டுன டிரைவர்.

— ஐயையோ!

— கத்தாத. பொண்ணு எந்திரிச்சுருவா.

— அவன் ஜெயில்லல்ல இருந்தான்?

— ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துட்டான். பெண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. ஒத்தை ரூம்ல கிடக்கான். பேப்பர்ல படம் போட்டிருந்தாங்கல்ல, பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுருச்சு. ஓடிரலாம்னு நினைச்சேன். அந்த மணி தட்டுற அம்மா அவன் கையைப் பிடிச்சு என் கையில வச்சிருச்சு.

— உங்களை அவனுக்குத் தெரியுமா?

— எப்படித் தெரியும்? அவன் வேற டிப்போ. வண்டி மட்டும்தான் சோதனைக்கு எங்ககிட்ட வரும். கோர்ட்டுக்கும் ஃபோர்மேன்தான் போனாரு. மில்லுல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— அங்க யாருகிட்டயாவது வாயைத் திறந்தீங்களா?

— வாரம் ஒரு நாள் வட்டமா உக்காந்து மனசுல உள்ளதைச் சொல்லணும். என் முறை வந்தா கையைக் கூப்பி, பக்கத்தாளுக்குத் தள்ளி விட்டுருவேன். ஆனா ஒவ்வொரு தடவையும் தொண்டை வரைக்கும் வருதும்மா. பிரேக்கைப் பார்க்காமலே பார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டவன் நான்தான்னு. நாப்பது வண்டி, ரெண்டே பேரு. டீயைக் குடிச்சுக்கிட்டே வரிசையாப் போட்டுத் தள்ளினோம். பிரேக் பிடிக்கலை, பிடிக்கலைன்னு அவன் கோர்ட்டுல கதறியிருக்கான். என் கையெழுத்தைக் காட்டி வாயை அடைச்சுட்டாங்க. ரோட்டைத் தாண்டின பெரியவர் போய்ச் சேர்ந்துட்டாரு. செய்யாத தப்புக்கு இவன் உள்ள போனான்.

— சொன்னா அடுத்தது நீங்க. வேலையும் போகும், ஜெயிலும் கிடைக்கும். நானும் பொண்ணும் எங்க போறது? எனக்குப் பயமா இருக்குங்க. அவன் தெரிஞ்சுதான் உங்களோட ஒட்டிக்கிட்டு இருக்கான்.

— உன் சந்தேகத்துக்கு ஒரு அளவே இல்லையா? போன மாசம் காய்ச்சல்ல கிடந்தான். நான்தான் போய்க் கதவைத் திறந்து மாத்திரை குடுத்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினான். பச்சைப் பிள்ளை மாதிரிம்மா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

— தெரியாதவனாவே இருக்கட்டும். இன்னைக்கே சாவியை வாங்கிட்டு அந்த மாடிக்கு ஒரு கும்பிடு போடுங்க.

— இரு, இப்போ மணி என்ன?

— ஏழாகப் போகுது. ஏன்?

— நான் போகலை. போனும் அணைஞ்சு கிடக்கு.

— அதுக்கென்ன?

— அப்போ அவன் கிளம்பியிருப்பான்.

— ஏங்க, வாசல்ல ஏதோ சத்தம். யாரோ பூட்டைத் திறக்குறாங்க!

— அண்ணே! இருக்கீங்களா? ஒண்ணும் ஆகலையே? அண்ணி, பயந்துடாதீங்க. அண்ணன் வரலைன்னதும் ஓடி வந்துட்டேன்.

— பார்த்துட்டல்ல தம்பி? நல்லாத்தான் இருக்காரு. சாவியை அங்க வச்சுட்டுக் கிளம்பு.

— என்னம்மா இது, வந்தவனை இப்படியா...

— நீங்க சும்மா இருங்க. தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இருபது பேர் இருக்கையில உன்னை இவரோட எதுக்குச் சேர்த்து விட்டாங்க?

— அவங்களாச் சேர்க்கலை அண்ணி, நான்தான் கேட்டு வாங்கினேன். அண்ணன் முதல் நாள் நோட்டுல போட்ட கையெழுத்தைப் பார்த்தேன். அதே கையெழுத்து இருந்த கோர்ட்டுக் காகித நகலை ஜெயில்ல ரெண்டு வருஷம் தலைமாட்டுல வச்சுப் படுத்தவன் நான்.

— தம்பி...

— ஒவ்வொரு வாரமும் உங்க முறை வர்றப்போ காத்துக்கிட்டே இருந்தேன் அண்ணே. இன்னைக்கு வரலைன்னதும், சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டீங்களோன்னு பதறிட்டேன்.