ஓரகத்திக்கு வெட்டுன காசு

...திங்கிறா பாருங்க தங்கச்சி. அந்தா, வேப்பமரத்தடியில, பச்சைச் சேலை. கொய்யாப்பழத்தை மொளகாப்பொடியில தொட்டுத் தொட்டு... பொருட்காட்சிக்கு வந்தவ மாதிரி. நான் மட்டும் வெயில்ல வரிசை நிக்கணும். கேட்டா, "கால் கடுக்குதுக்கா"ங்கிறா. நாக்கு மட்டும் அவளுக்கு என்னைக்கும் கடுத்ததில்ல.

கொஞ்சம் இங்குட்டு நகந்து நில்லுங்க, நெழலு விழுகுது. ம்... யாருன்னு கேக்குறீகளா? என் ஓரகத்தி, ஒச்சம்மா. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. அவளுக்குத்தேன் போன ஆடியில இதே காளி முன்னாடி, கெட்டுப்போகணும்னு சாபம் விட்டு, காசை ரெண்டா வெட்டிப் போட்டேன். இப்ப அந்தச் சாபத்தை எடுக்கணும். எடுக்கணும்னா வெட்டுனவளும் வாங்குனவளும் சேந்து வந்து நிக்கணுமாம், பூசாரி சொல்லிட்டாரு. என்ன சட்டமோ. அதனால கீழச்சிவல்பட்டியிலருந்து ரெண்டு பேரும் ஒரே பஸ்ல, ஒரே சீட்டுல வந்தோம். சன்னலோரம் வேற அவளுக்கு.

நீங்களும் வெட்டத்தேன் வந்திருக்கீக போல. கையை இறுக்கி மூடியிருக்கீகளே, அதான் கேட்டேன். சொல்ல வேணாம், சொல்ல வேணாம். யாரு என்னன்னு நான் கேக்கவே மாட்டேன். ஊர்க்கதை பேசுற ஆளு நான் இல்ல.

இவ என்ன செஞ்சான்னு கேளுங்க. எம் மக சுபலட்சுமிக்கு மாப்ள பாத்து, பரிசம் போட்டு, மண்டபம் வரைக்கும் பேசியாச்சு. மாப்ளையோட அம்மா திருப்பத்தூர் சந்தையில இவளைப் பாத்து, "பொண்ணு எப்படி"ன்னு ஒரு பேச்சுக்குக் கேட்ருக்காக. இந்த மகராசி என்ன சொல்லிருக்கா தெரியுமா? "நல்ல பிள்ளைதேன்... வலிப்பு வந்தா மட்டும் பாத்துக்கிடணும்." வலிப்பாம்ல, வலிப்பு. எம் மகளுக்குச் சின்னதுல காச்சல் கூடி ஒரு தடவை கண்ணு சொருகுச்சு, அதோட சரி. அன்னைக்குப் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனதே இந்த ஒச்சம்மாதேன். அதைத்தேன் என்னால தாங்க முடியல.

எதுக்குச் சொன்னாங்கிறீக? அவ அக்கா மகளுக்கு அந்த மாப்ளையை முடிக்கலாம்னு ஒரு நெனப்பு. கடைசியில அதுவும் நடக்கல. அவுக பரிசத்தைத் திருப்பிட்டாக. எம் மக போனை அமத்திப் போட்டுட்டு மூலையில சுருண்டு கெடந்தா. பெத்த வயிறு எரியுமா எரியாதா? பொய் சொல்லப்படாது, இப்பவும் கொஞ்சம் எரியத்தேன் செய்யிது.

அந்த வேகத்துல நேரா இங்க வந்துட்டேன். ஈரச்சேலையோட நிக்கிறேன். பூசாரி, "என்னன்னு சொல்லி வெட்டுறம்மா"ன்னாரு. "ஒச்சம்மா குலம் தழைக்கக் கூடாது"ன்னேன். ஒரே வெட்டு. பெரிய காரியம் முடிச்சவ கணக்கா நிமுந்துக்கிட்டுப் போனேன்.

வீட்டுல போயி சொல்றேன், எங்க வீட்டுக்காரரு சோத்துல வச்ச கையை எடுக்கல. "ஏண்டி, அவ புருசனும் நானும் ஒரு வயித்துப் பிள்ளைக. அவ குலம் என்ன சிங்கப்பூர்லயா இருக்கு? அது எங்குலம்தாண்டி. நீ வாக்கப்பட்டு வந்து உக்காந்திருக்கிற குலம்"ங்கிறாரு. அட, ஆமால்ல... தனக்குத்தானே காசு வெட்டிக்கிறதுக்குப் பஸ் ஏறிப் போனவ ஊரு உலகத்துல நான் ஒருத்தியாத்தேன் இருப்பேன். சிரிங்க, சிரிங்க. எல்லாரும்தேன் சிரிச்சாக. எம் மகளே சிரிச்சா. பரிசம் திரும்புனதுக்கு அப்புறம் அன்னைக்குத்தேன் அவ மூஞ்சியில சிரிப்பைப் பாத்தேன்.

அதுக்காக எடுக்க வந்தேன்னு நெனைக்காதீக. ஊருல அப்படித்தேன் சொல்லி வச்சிருக்கேன். நமக்கும் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல.

நெசம் என்னன்னா... இவ மருமக சத்தியப்பிரியா நெறமாசமா இருக்கா. போன வாரம் பிரசர் ஏறிப்போயி, வயித்துல பிள்ளைக்கு அசைவே தெரியலைன்னு காரைக்குடிக்குத் தூக்கிட்டு ஓடுனாக. தெருவே என் வாசலைப் பாக்குது. ஒச்சம்மா வருவா, மண்ணை வாரித் தூத்துவான்னு வெளக்கமாத்தோட தயாரா நிக்கிறேன். வந்தா. கேட்டைத் தாண்டி வரல. "தப்பு நான் பண்ணுனதுதேன், அக்கா. எம் மருமக எங்கேயோ பொறந்து வந்தவ, அவளை விட்ரு. வேணும்னா எனக்கு மட்டும் தனியா ஒரு காசு வெட்டிப் போடு அக்கா, நானே கூட வாரேன்"ன்னா.

கூட வாராளாம். சாபம் வாங்குறதுக்குத் துணைக்கு வாராளாம். எங்கேயாச்சும் கேட்டிருக்கீகளா?

அவ அழுகுறதைப் பாக்கணும்னுதேன் அம்புட்டு நாளும் காத்துக் கெடந்தேன். அழுதப்ப பாக்க முடியல தங்கச்சி. வெளக்கமாத்தைப் போட்டுட்டு, அவளை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம். வயித்துல கெடக்குறது என்ன பாவம் பண்ணுச்சு? அதுவா சந்தையில போயி வலிப்புன்னு சொல்லுச்சு? அப்ப அவ மகன் கதிரவன் ஓடியாந்தான். "பெரியம்மா, துடிப்பு நல்லாருக்காம்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். பெத்தவ பக்கத்துல இருக்கா, அவகிட்டச் சொல்லல. காசு வெட்டுன என்கிட்ட வந்து மொதல்ல சொல்றான். எனக்குச் செத்துப்போகலாம்னு இருந்துச்சு.

மன்னிச்சுட்டேனான்னா... யாரு, நானா? இவ வாயை ஊசி நூலு வச்சுத் தச்சுவிடணும்னு இப்பவும் தோணுது. பஸ்ல வாரப்ப ரெண்டு கிள்ளு கிள்ளித்தேன் விட்டேன். ஆனா கெட்டுப்போகட்டும்னு நெனைக்க வரமாட்டேங்குது. நெனைச்சுப் பாத்தேன், வரல. எம் மககிட்டயும் கேட்டேன். "போயி எடுத்துட்டு வாம்மா, பிள்ளைக்குத் தொட்டில் சேலை நான் தாரேன்"னுட்டா.

வரிசை நகருது, நகருங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டே பேருதேன்... என்ன தங்கச்சி, கண்ணு கலங்குது? நான் உங்களைச் சொல்லலையே. அவுகவுக வயித்தெரிச்சல் அவுகவுகளுக்கு. உங்களுக்கு என்ன கொடுமை செஞ்சாகளோ, நான் யாரு வெட்டாதீகன்னு சொல்ல...

ஏங்க, அங்குட்டு எங்க போறீக? சன்னதி இங்குட்டுல்ல இருக்கு. தண்ணி குடிக்கவா? போயிட்டு வாங்க, நான் எடம் பிடிச்சு வைக்கிறேன்... தங்கச்சி... அட, பஸ்ஸுல்ல ஏறுது அந்தப் பொண்ணு.

சரி... ஏடி ஒச்சம்மா, இங்குட்டு வா. ஒரு எடம் காலியாயிருக்கு. எனக்கு முன்னாடி வந்து நில்லு.