மண்ணிற ஸ்வெற்றர் பற்றித் தவநாயகி சொன்னது

1991 டிசம்பர், லண்டன்

என் பெயர் தவநாயகி அம்பலவாணன். வயது ஐம்பத்திரண்டு. மிச்சம் என்னும் பகுதியில், கவுன்சில் வாடகைக்குத் தந்த வீட்டில் வசிக்கிறேன். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. சொந்த இடம் யாழ்ப்பாணம். பொலிஸ் அதிகாரிக்கு நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இம்மாகுலேற் எழுதுகிறார்.

களவு போன சிவப்பு டட்சன் கார் என் கணவர் அம்பலவாணனுடையது. அவர் சென்ற மாதம் மாரடைப்பால் இறந்தார். எரியூட்டிய பின் அவருடைய சாம்பலை மூடி போட்ட பிளாஸ்டிக் சாடி ஒன்றில் தந்தார்கள். கணவரின் தமையனார் வைத்தியநாதன் அந்தக் காரிலேயே போய் அதை எடுத்து வந்தார். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன், அத்தான் படி ஏறவில்லை. "அஸ்தியை வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது பிள்ளை. அந்தியேட்டி வரைக்கும் டிக்கியிலயே இருக்கட்டும்" என்றார். அந்தியேட்டி என்பது முப்பத்தோராம் நாள் கிரியை என்றும், அப்போதுதான் சாம்பலைக் கடலில் கரைப்போம் என்றும் அதிகாரிக்காகச் சொல்கிறேன்.

வீட்டுக்காரரை ரோட்டில் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. செத்த வீட்டில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஆகவே அவருடைய மண்ணிற ஸ்வெற்றரைச் சாடியில் சுற்றி, அதன் கைகள் இரண்டையும் முன்னால் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

அதன் பின் ஒரு காலை வேலைக்கு வெளிக்கிட்டபோது கார் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. பொலிஸ் நிலையத்தில், காருக்குள் என்ன இருந்தது என்று கேட்டார்கள். வெள்ளைக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, பெறுமதியான சாமான் ஒன்றும் இல்லை என்று அத்தான் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். எனக்கு ஆங்கிலம் பேச வராது, விளங்கும். அந்தச் சொல்லுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை எழுத வேண்டுமா என்று இம்மாகுலேற் கேட்டார், எழுதச் சொன்னேன்.

அதன் பின் கார் ஒரு பார்க்கிங்கில் அகப்பட்டதாக அறிவித்தார்கள். பொலிசார் கார்களை நிறுத்தி வைக்கும் முற்றத்துக்கு அத்தானுடன் போனேன். ரேடியோவைக் கழற்றியிருந்தார்கள். டிக்கியின் பூட்டு உடைந்திருந்தது. சாடி மூடியில்லாமல் சரிந்து கிடந்தது, ஸ்வெற்றர் இல்லை. டிக்கிக்குள் நரை நிறத்தில் தூள் பரவியிருந்தது. கதவிலும் ஸ்டியரிங்கிலும்கூட அதே நிறத்தில் தூள். கைரேகை எடுக்கப் பவுடர் போட்டோம், டிக்கிக்கும் போட்டோம் என்று அங்கிருந்த பொலிஸ்காரர் சொன்னார். "இதில எது அவர், எது பவுடர் எண்டு கேளுங்கோ அத்தான்" என்றேன். அத்தான் கேட்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அதன் பின் என் சால்வையை விரித்து டிக்கியில் இருந்த தூளைக் கையால் அள்ளினேன். "பொம்பிளையள் தொடக்கூடாது பிள்ளை" என்றார் அத்தான். "தள்ளி நில்லுங்கோ" என்றேன். அவர் தள்ளி நின்றார். அள்ளியதை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கணவர் உட்காரும் கதிரையில் வைத்தேன். கதவைத் திறந்துவிட்டவர் அத்தான்தான்.

இன்று அதிகாரி பொலித்தீன் பையில் ஒரு ஸ்வெற்றரைக் காட்டினார். காரைக் களவெடுத்ததாகக் கைதானவன் அதைப் போட்டிருந்தானாம். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, குளிருக்குப் போட்டிருப்பான். இடது முழங்கையில் மண்ணிற நூல் கிடைக்காமல் கறுப்பு நூலால் நான் தைத்த தையல் இருக்கிறது. அது என் கணவருடையது. பின்னலுக்குள் நரை நிறத்தில் தூள் அடைந்திருப்பதையும் கண்டேன். துணிக்கு அந்தப் பவுடர் போட்டீர்களா என்று கேட்டேன். துணிக்குப் போடுவதில்லை என்றார்.

ஆகவே அதில் இருப்பது முழுக்க அவர். அதை அந்தியேட்டிக்கு முன் தரும்படி கேட்டேன். வழக்கு முடியும்வரை தர ஏலாது என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் அதைக் கழுவவோ உதறவோ வேண்டாம், அதுவரை கட்டடத்துக்கு உள்ளேயே வைத்திருக்க வேண்டும், கார் எதிலும் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைத் தமிழில் வாசிக்கக் கேட்டேன். நான் கண்டதும் செய்ததும் இவைதான், கூட்டவோ மறைக்கவோ இல்லை என்று அறிந்து கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) அ. தவநாயகி