ஈரச் சுவர்

1971ஆம் ஆண்டு ஜனவரி பன்னிரண்டாம் தேதி, போகிக்கு முந்தின நாள், காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் அப்பாதுரை முதலாளியின் பட்டுக்கடைக்கு வெள்ளையடித்தார்கள். வருஷா வருஷம் நடக்கிற வேலைதான். மேலே சுண்ணாம்பு, கீழே இடுப்பளவுக்குக் காவி. சுவர் காய ஒரு நாளாகும். அதுவரை யாரும் சாயக் கூடாது என்று வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள்.

என் பெயர் சீனிவாசன். அந்தக் கடையில் பதினொரு வருஷமாகப் புடவைக்கு டிசைன் போடுகிறேன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சிவப்பு மையில் புள்ளி வைத்துத் தருவேன். அதைப் பார்த்துத் தறியில் மாட்டுகிற அட்டையில் ஓட்டை குத்துவார்கள். நான் போட்டது எதுவும் என் சொந்தக் கற்பனை இல்லை. கோயில் தூணைப் பார்த்தோ பழைய புடவையைப் பார்த்தோ எடுப்பேன். அதை நான் மறைத்ததில்லை.

மறைத்தது வேறொன்று. ஊரில் இரண்டு வருஷமாகக் காவிச் சுவர்களில் படங்கள் தோன்றிக்கொண்டிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கோட்டில் வரைந்த படங்கள். முதலில் வந்தது வயிறு பெருத்த ஓர் அன்னம். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் விரல்களை அது ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. யார் வரைந்தது என்று தெரியவில்லை. ராத்திரியெல்லாம் காவல் இருந்து பார்த்தவர்கள் உண்டு. ஒருவரும் வரவில்லை, விடிந்தால் படம் மட்டும் இருந்தது. மதராஸ் பத்திரிகையில் எழுதினார்கள். காரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய வீட்டுக்காரர்கள், தங்கள் சுவரிலும் வரட்டும் என்று காவியடித்துக் காத்திருந்தார்கள். அவர்களைக் கேலி செய்கிற படம்தான் வரும் என்று தெரிந்தும் காத்திருந்தார்கள்.

முதலாளி அந்த அன்னத்தைப் பார்த்துச் சிரித்தார். "நெசவாளியத் தூக்கிடு சீனு. அன்னத்த மட்டும் கரையில வையி" என்றார். வைத்தேன். 'சுவர் அன்னம்' என்று பெயர் வைத்து விற்றோம். தறிகள் போதவில்லை.

ஒரு நாள் அவர், "இவன் யாருன்னு தெரிஞ்சா நம்ம கடையிலயே உக்கார வெச்சிடுவேன்பா" என்றார். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு, "நான்தான் முதலாளி" என்றேன். பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த அன்னத்தைப் புள்ளி புள்ளியாகப் போட்டவன் நான்தானே. அன்றைக்கே பின்கட்டிலிருந்த என் மேஜை முன்கட்டுக்கு வந்தது. வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, வெளியே சொல்லாதீர்கள் என்று சொல்லியே எல்லோரிடமும் சொன்னார்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போயிற்று. நிஜமானவன் ஒருவன் இருக்கிறான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் நான் தெருவில்.

அவன் எப்படி வரைகிறான் என்பதை என் சட்டை சொல்லிக் கொடுத்தது. கடைக்கு வெள்ளையடிக்கிறவன் பெயர் சின்னப்பையன். அன்றைக்கு அவன் ஏணியில் நின்றபோது, வெள்ளையடிக்கிற நார் மட்டையிலிருந்து என் தோளில் சுண்ணாம்பு சொட்டியது. வெறும் தண்ணீர்போலத்தான் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் பளிச்சென்று வெள்ளை. சுண்ணாம்பு ஈரத்தில் தெரியாது, காய்ந்தால்தான் தெரியும். படத்தைப் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, வெள்ளையடிப்பதுபோல வரைந்துவிட்டுப் போகிறார்கள். ராத்திரியில் அது தானாக வெளியே வருகிறது.

அதே நேரம் சின்னப்பையன் கண்ணாடிப் பெட்டியிலிருந்த புடவையைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா டிசைன் ஐயா, அன்னம் மட்டும் நிக்குது? தறிக்காரன் எங்க பூட்டான்? எங்க வூட்ல சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கும்." அவன் மனைவி அம்சா சற்றுத் தள்ளிக் காவி கரைத்துக்கொண்டிருந்தாள். அவளை நான் கணக்கில் எடுக்கவில்லை. மட்டையும் ஏணியும் அவன் கையில் இருந்தன. அது எனக்குப் போதும்.

பொங்கல் கழித்து மதராஸிலிருந்து ஆட்கள் வருவதாகவும், அவர்கள் முன்னால் நான் ஒரு படம் வரைய வேண்டும் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். சின்னப்பையன் சிரிக்கிறவன். நிச்சயம் அன்றைக்கும் வந்து நின்று சிரிப்பான்.

நான் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. அவன் கைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். மறுநாள் காலை பின்கட்டில் ஒரு பானையில் சுண்ணாம்புக்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். கொதிக்கும்போது பானையின் வாயை மூடக் கூடாது, மூடினால் வெடித்துத் தெறிக்கும். நான் மூடினேன். துணி சுற்றி, தட்டு வைத்து, என் கிராஃப் தாள் பறக்காமல் வைக்கிற கருங்கல்லையும் மேலே வைத்தேன். "சின்னப்பையா, பானை என்னமோ சத்தம் போடுது, பாரு" என்றேன். அவன் குனிந்தான்.

முகத்தைக் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்ததும் ரிக்ஷா கூப்பிட்டதும் நான்தான். இரண்டு கண்ணும் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கைகள் நன்றாக இருந்தன.

கனுப் பொங்கலுக்கு மறுநாள் அம்சா வந்தாள். கருங்கல்லை என் மேஜைமேல் வைத்தாள். அதன் ஓரத்தில் என் சிவப்பு மை இருந்தது.

"இது உங்க கல்லு தானே ஐயா? பானையாண்ட கெடந்துச்சு."

"யாராவது எடுத்திருப்பாங்க" என்றேன்.

"சுண்ணாம்பு வேவும்போது மூடக் கூடாதுன்னு எங்க கொயந்தைக்கே தெரியும். மூடுனது யாருன்னுதான் தெர்ல." என் மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பக்கச் செவுரு பாக்கி நிக்குது. நானே முடிச்சுட்டுப் போறேன்" என்றாள்.

முடித்தாள். மத்தியானம் முழுவதும் நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். காவியின்மேல் ஈரம் மட்டும் தெரிந்தது.

காலையில் சுவருக்கு முன்னால் கூட்டம். பொங்குகிற ஒரு பானை. அதன் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறான் ஒருவன். மூடிமேல் ஒரு கல். அவன் கண்ணில் என் கண்ணாடி. அக்குளில் சுருட்டிய கிராஃப் தாள்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "உன்னையே போட்டுக்கினியா சீனு! ஊரெல்லாம் பொங்கல் பொங்கட்டும்னு இருந்தா, நீ மூடி போட்டு அமுக்கறியே. மதராஸ்காரங்களுக்கு இதையே காட்டிடலாம். முந்தானைக்கு வையிப்பா."

நான் வரையவில்லை என்று எப்படிச் சொல்வது? யார் வரைந்தது, ஏன் வரைந்தது என்று அடுத்து கேட்பார். அதனால் உட்கார்ந்து புள்ளி வைத்தேன். பானை, மூடி, கல், என் கண்ணாடி. ஒன்றையும் விடவில்லை.

அதிலிருந்து எந்தச் சுவரில் ஈரத்தைப் பார்த்தாலும் அது காய்கிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன். போன வாரம் என் எதிர்வீட்டுச் சுவரில் ஈரம் இருந்தது. வேட்டியாலேயே துடைத்தேன். விரல் தோல் உரிகிற வரைக்கும் துடைத்தேன். காய்ந்த பிறகு அங்கே ஒன்றும் இல்லை. யாரோ மாடு கழுவியிருக்கிறார்கள்.

இதைப் பயந்துபோய்ச் சொல்வதாக நீங்கள் உங்கள் பத்திரிகையில் எழுத வேண்டாம். மனிதாபிமானத்தில்தான் சொல்கிறேன். தவறுதலாக வேறொருவன் கண் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம். வரைகிறது அம்சாதான் என்று முன்பே தெரிந்திருந்தால் அவனை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

அந்த முந்தானைப் புடவைகள் சித்திரைக்குள் விற்றுத் தீர்ந்தன.