தரை தொடாத கொடி

அந்த ஊதாச் செடிக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஜன்னல் பக்கமே தொங்கட்டும். வெளிச்சம் குறைந்தால் ஊதா போய்ப் பச்சையடித்துவிடும். எனக்குப் படிப்பு கிடையாது, ஐயா. பூட்டு ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன். இதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டது.

செடி என்னுடையது இல்லை. கீழ்வீட்டு டெய்லர் கொண்டுவந்தது. என் வீட்டுக்காரி ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து படுக்கையில் கிடந்தாள். மாத்திரையை விடாமல் கொடுத்தால் நடந்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை வாங்கி வருவதும் டெய்லர்தான். அவனே ஒரு தொட்டியில் சின்னத் தண்டை நட்டு, அவள் கண்ணெதிரே கொக்கியில் மாட்டினான்.

"இது இறங்கித் தரையைத் தொடட்டும், அக்கா. அன்னைக்கு நீங்களே படியிறங்கி வந்து எங்க வீட்டுத் தாய்ச்செடியைப் பார்க்கணும்."

"உருண்டுதான் வருவேன், பரவாயில்லையா?"

"வாங்க. கிழிஞ்சா நான் தைச்சுத் தர்றேன்."

கோணின வாயோடு அவள் சிரித்தாள். என்னோடு இருந்த காலத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டான். வாயால் சொல்வதையெல்லாம் நம்பினால் உலகத்தில் பூட்டு எதற்கு?

அப்புறம் செடியைப் பார்க்கிற சாக்கில் தினமும் வந்தான். அவளும் கண் விழித்தால் என்னைப் பார்க்க மாட்டாள். கொடியைத்தான் பார்ப்பாள். "இன்னும் ரெண்டு சாண்தாங்க. கீழே ஒரு நடை போய்ட்டு வந்துடுவேன்" என்பாள்.

போய்விட்டு வருவாளாம். யார் கண்டது?

அவள் தூங்கும்போது நுனியைக் கிள்ளினேன். கிள்ளினால் கணுவில் கிளைக்கும். நீளாது, அடர்த்தியாகும். "என்ன கைராசிண்ணே உங்களுக்கு, இப்படித் தழைக்குது" என்றான் டெய்லர். அவள் மட்டும், "ஏன் இறங்க மாட்டேங்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கொடியை நிறுத்திவிட்டேன். ஆனால் அவள் காலில் உயிர் வர ஆரம்பித்தது. ஒருநாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்றதும் என்ன சொன்னாள் தெரியுமா? "டெய்லர்கிட்ட சொல்லுங்க."

சொல்லவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை அன்றே நிறுத்தினேன். அதே அளவில், அதே வெள்ளையில், எலும்புக்குச் சாப்பிடுகிற மாத்திரை கடையில் கிடைக்கிறது. என் கையால்தான் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்காமல் வாயைத் திறந்தாள்.

கிள்ளின நுனிகளையும் அவன் வாங்கி வந்த மாத்திரை அட்டைகளையும் பின்பக்க ஜன்னல் வழியாக எறிந்தேன். அங்கே யாரும் போவதில்லை. ஆனால் அந்தச் செடி எறிந்த இடத்திலேயே வேர் விடும்; அது எனக்குத் தெரியாமல் போனது. மறுபடி கை கால் இழுத்து அவள் போய்ச் சேர்ந்த பிறகு, டெய்லர் அந்தப் பக்கம் போயிருக்கிறான். சுவரோரம் ஊதாப் பாய் விரித்த மாதிரி கிடந்ததாம். அவள் ஞாபகமாக ஒரு தண்டு ஒடிக்கக் குனிந்தவன் கையில் பிரிக்காத அட்டைகள் அகப்பட்டன. அழுதுகொண்டே உங்களிடம் வந்தானாமே. அடுத்தவன் பெண்டாட்டிக்கு அவன் எதற்கு அழுகிறான் என்று கேட்டீர்களா?

எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை மாற்றியது நான்தான். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே மாற்றினேன். ஆனால் அவளைக் குறையாக வைத்திருந்தேன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. குளிப்பாட்டினேன், தலை வாரிவிட்டேன். கடைசிவரை என் வாசலைத் தாண்டாமல் என்னோடுதான் இருந்தாள்.

வீட்டைப் பூட்டுகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பரவாயில்லை, நுனியைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். நான் இல்லாத நேரம் பார்த்துத் தரையைத் தொட்டுவிடப் போகிறது.