ஸ்பெயின் கோட்டைக்குத் தோசை

உக்காருங்கண்ணே, உங்க தோசை இதோ வருது. இது உங்களுக்கு இல்ல, பட்டாளத்துக்கு. எந்தப் பட்டாளமா? ஸ்பெயின் பட்டாளந்தான், பின்னாடி சர்ச்சு மைதானத்துல கெடக்கு. அதுகளுக்கு ஊத்தி ஊத்தியே இந்தப் புஷ்பலதா கையி தேஞ்சு போச்சு.

நாடகம்ணே, திருவிழாவுக்கு. டியூசன் வாத்தியாரு பிரேம்நாத்து எழுதினது. அந்தக் காலத்துல, கடலு கடைசியில ஒரு தீவாம். ஸ்பெயின் ராசா அங்க ஒரு கோட்டையக் கட்டி, சிப்பாய்ங்கள எறக்கி விட்டுட்டான். அரிசி, சம்பளம், வெடிமருந்து எல்லாம் அவன் ஆளுற மெக்சிக்கோவுலேருந்து கப்பல்ல வரணுமாம். பர்மாவுல இருக்குற நம்ம தாமுவேக்கு டவுன் பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல, மெக்சிக்கோ கப்பலு வருமா? இதோ வருது, இதோ வருதுன்னு ராசா சேதி மட்டும் அனுப்புறான். இவனுங்க பசியில பூட்ஸுத் தோல வேகவச்சுத் திங்கிறானுங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. சோறு போட வக்கில்லாதவனுக்குக் கோட்டை என்னத்துக்குண்ணே?

ஏங்க, சட்னிய விட்டுட்டுப் போறீங்க! நம்ம வீட்டுக்காரருண்ணே, செல்வம். அவருதான் தளபதி.

யாரு என்னயத் தோசை போடச் சொன்னாங்கன்னா கேக்குறீங்க? அது வந்து... ரோட்டுல வெள்ளிக் கிண்ணத்தக் குலுக்கிக்கிட்டு, மைக்கு வச்சு அலூ கேட்டாங்கல்ல, அதாண்ணே, நாடகத்துக்கு நன்கொடை. பட்டாளத்துக்கு மொத்தத் துணியும் தையக்கடை டோ கமலாட்சின்னு, பர்மா மரியாதைக்கு ஒரு ‘டோ’வும் போட்டு, தெருவே கேக்க மைக்கு கத்துது. அந்தப் பொம்பள என்னயப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க... மைக்கப் புடுங்கிட்டேன். நாடகம் முடியிற வரைக்கும் சாப்பாடு புஷ்பலதான்னுட்டேன்.

நாடகம் முடியுதா? கரண்டு இல்லன்னு தள்ளிப் போட்டாங்க, மழைன்னு தள்ளிப் போட்டாங்க. ஒத்திகைக்கு மட்டும் ஒருத்தன் லீவு போடல. பட்டினிப் பட்டாளம் அத்தனைக்கும் தொப்ப! கமலாட்சி தச்ச சட்டைக்குப் பொத்தான் போட முடியல. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். மாவு பூரா கோட்டைக்குப் போயி, என் வாடிக்கை பூரா எதுத்த கடைக்குப் போயிருச்சுண்ணே. இப்பிடியே போனா கடைய மூட வேண்டியதுதான். நிறுத்தலாம்னா, நாளைக்கே சாப்பாடும் கமலாட்சின்னு மைக்குல வரும். அதக் கேக்குறதுக்கு நான் காத அறுத்துக்கலாம்.

இந்தாங்க, கடைசிக் கரண்டி. இது உங்களுக்குத்தான்... அய்ய, தளபதி திரும்ப வந்து நிக்கிறாரு. அவரு தின்னாத்தான் அடுத்த சீனாம். கோவிச்சுக்காதீங்கண்ணே, வீட்டுலேருந்து மாவு கெளம்பிருச்சு, இதோ வருது...

எங்க போனாரு இந்த மனுசன்? ஏங்க, இங்க ஒருத்தரு உக்காந்திருந்தாரே? எதுத்த கடையிலயா?

நல்ல மனுசந்தான். நான் ராசாவத் திட்டுறப்ப மட்டும், என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு.