பத்தில் நிற்காத புரோகிராம்

கார்ஹிங் போகும் யூ-பான் என்ற சுரங்க ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பையன்கள். ஒருவன் யுனிவர்சிட்டி மாணவன். மற்றவன், அங்கே சேருவதற்கு முன் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வருடம் படிக்கும் காலேஜில் இருப்பவன். அவன் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“மச்சான், என் புரோகிராம் இன்னும் முடியலையாம்டா.”

“எக்ஸாம் போன வாரமே முடிஞ்சிருச்சேடா?”

“எக்ஸாம் முடிஞ்சிருச்சு. புரோகிராம்தான் முடியல. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் பிரிண்ட் பண்ற புரோகிராமை பேப்பர்ல எழுதணும். பத்துல நிறுத்தணும்னு எழுத மறந்துட்டேன்.”

“சரி, ஃபெயில் போடுவாங்க. அவ்வளவுதானே?”

“வாத்தியார் போட மாட்டேங்கிறாருடா. புரோகிராமை முழுசா ஓட்டிப் பார்க்காம மார்க் போடக் கூடாதாம். கம்ப்யூட்டர் மாதிரியே உக்காந்து, ஒவ்வொரு நம்பரா பென்சில்ல எழுதிட்டிருக்காரு.”

“எது வரைக்கும் வந்திருக்காரு?”

“நேத்து நாலாயிரத்தைத் தாண்டிட்டாரு. அஞ்சு மணியானதும் பென்சிலை வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.”

“டேய், ஃபெயிலானாதானே நாளைக்கு ரீ-எக்ஸாம் எழுத முடியும்? அதை விட்டா யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர இன்னும் ஒரு வருஷம் ஆகுமே!”

“அதான் காலையில போய், ‘சார், அது நிக்கவே நிக்காது, தயவுசெஞ்சு ஃபெயில் போடுங்க’ன்னு கெஞ்சினேன்.”

“என்ன சொன்னாரு?”

“நிமிர்ந்துகூடப் பார்க்கலடா. ‘குறுக்கே பேசாதே, எண்ணிக்கை தப்பிச்சுன்னா மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும்’னுட்டாரு.”